தனுஷியாவின் வலது காது

முருகன் துணை

மாசாய், ஜொகூர்
திங்கட்கிழமை

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே குளிரைத் தவிர உனக்கும் ஷர்மினிக்கும் வேறு குறை இல்லாமல் முருகன் பார்த்துக்கொள்வான்.

பள்ளி விடுமுறைக்கு வேன் எடுத்துக்கொண்டு மூன்று நாள் போய்விட்டு வந்தோம். வேனில் இருந்தவர்கள், ஓட்டியது உன் சாந்தினி சித்தி மகன் கமலநாதன், அவன் பக்கத்தில் காலை நீட்ட வேண்டும் என்பதால் அப்பா. நடுவில் நானும் சாந்தினி சித்தியும், எங்கள் இருவருக்கும் இடையில் தனுஷியா. பின்னால் உன் தங்கை லோஷினி, மாப்பிள்ளை திருச்செல்வம், முகிலன். மூன்றாம் நாள் சிம்பாங் ரெங்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை செல்லமும் சேர்ந்துகொண்டார். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாராவது உன்னிடம் வேறு மாதிரி சொன்னால் அவர் அங்கே இருந்தாரா என்று நீ பார்த்துக்கொள்ளலாம். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நீ வந்தால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள், லோஷினி பக்கத்தில் நிற்கிறாள், நீயும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் நீ வைக்க முடியாது. நீ ஒன்றாம் வகுப்பில் எழுதப் பழகியபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பழகிய எழுத்து இது, பிழை இருந்தால் நீயே திருத்திப் படி.

முதலில் பிள்ளைகள் சேதி. முகிலனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதை விலங்குத் தோட்டத்தில் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு, தமிழ்ப்பள்ளியில் பெயர் பதிந்தாகிவிட்டது. பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்தான், வந்தவன் கை தட்டியவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாக்கிலிருந்து இறங்கினான். தனுஷியாவுக்கு இப்போது எல்லாப் பேச்சும் வருகிறது, வராத பேச்சும் வருகிறது. புரட்டாசியில் மூன்று வயது முடிகிறது. காது குத்துவது நம் வீட்டில் ஒற்றைப்படை வயதில்தான் என்பது உனக்குத் தெரியும், மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே குத்திவிட வேண்டும், தவறினால் இனி ஐந்தில்தான். அதனால்தான் இந்த விடுமுறையில் மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துக் கோவிலில் வைப்பது என்று முடிவு செய்தோம். சித்திரை மாதம் உன்னிடம் கேட்டபோது லீவு பார்க்கிறேன் என்றாய். நீ பார்க்கிறேன் என்றதை லோஷினி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அவள் ஆசை அப்படி. அன்றிலிருந்து காது குத்து என்றதும் பிள்ளை அழுதால், போன் மாமா வருவாங்க, போன் மாமா மடியில உக்காந்துக்கலாம், வலிக்காது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டாள். போன் மாமா என்பது நீ. கமலநாதன் வேன் மாமா. பிறகு வைகாசியில் லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய். அதை எல்லோருக்கும் சொன்னோம், பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த வயதில் அதற்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, கமலநாதனும் தம்பி முறைதானே, அவன் மடியில் உட்கார வைத்தால் போயிற்று என்று நினைத்துவிட்டோம்.

முதல் நாள் ஜொகூர் பாரு விலங்குத் தோட்டம். காலையில் இட்லியும் சம்பலும் கட்டி எடுத்துப் போனேன், வெளியில் வாங்கவில்லை, தண்ணீர் மட்டும் வாங்கினோம். வேனில் எல்லோரும் ஏறியபிறகு தனுஷியா கதவை மூட விடவில்லை. போன் மாமா எங்கே என்று கேட்டாள். லோஷினி என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கமலநாதன் திரும்பிப் பார்க்காமலே, மாமா பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டாரு லா, பின்னாலேயே வந்துருவாரு என்றான். அவ்வளவுதான், பிள்ளை கதவை மூட விட்டுவிட்டாள். அவளுக்கு ஜாம் தெரியும். தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் தன் அப்பாவை அவள் எப்போது கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் அதுதான், பாலத்தில் ஜாம், வந்துவிடுவார் என்று. அவரும் எவ்வளவு நேரமானாலும் வந்துவிடுகிறார். ஜாம் என்றால் அவளுக்கு நேரமாகும் என்று அர்த்தம், வரமாட்டார் என்று அர்த்தமில்லை. கமலநாதன் விளையாட்டாகச் சொன்னான், நாங்களும் சிரித்தோம். விலங்குத் தோட்டத்தில் ஒட்டகம், முதலை, கரடி எல்லாம் பார்த்தோம். கரடி தூங்கிக்கொண்டிருந்தது, அப்பா அதன் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து அவரும் தூங்கினார், முகிலன் இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்தான், உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவித்த சோளம் கடிக்கும்போதுதான் அவன் பல் விழுந்தது. கீழே விழுந்த பல்லைத் தேடி எல்லோரும் குனிந்து நிற்க, அங்கே காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையனும் என்ன காணோம் என்று கேட்காமலே எங்களோடு தேடினான். கிடைத்தது. வீட்டுக்கு வந்து கூரைமேல் எறிந்தோம்.

இரண்டாம் நாள் கோத்தா திங்கி அருவி. போகும் வழியில் ஆற்றோரக் கடையில் தேநீர் குடித்தோம், சுவரில் வெள்ளம் வந்து நின்ற கோடு அப்பாவின் மார்புக்கு இருந்தது, அவர் அதன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அருவியில் தண்ணீர் ஐஸ் போல இருந்தது. மாப்பிள்ளையும் முகிலனும் குளித்தார்கள், லோஷினி கால் மட்டும் நனைத்தாள், சாந்தினி சித்தி குளிக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே கழுத்துவரை இறங்கிவிட்டாள். நான் பாயில் சாமான்களுக்குக் காவல். கெரோப்போக் அப்பளப் பொட்டலங்கள் வாங்கிக் கொடுத்திருந்தோம், தனுஷியா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைப் பிரிக்கவில்லை. அது போன் மாமாவுக்காம். பாயில் அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுவைத்தாள், முகிலன் ஈரத்தோடு வந்து அதில் உட்கார்ந்ததற்கு அவனைக் கடித்துவிட்டாள். குரங்குகள் வந்தன. ஒன்று நேராக அப்பாவின் தொப்பியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி அதைப் போட்டுப் பார்த்தது. உங்கள விட அதுக்குத்தான் நல்லா இருக்கு பெரியப்பா என்றான் கமலநாதன். எல்லோரும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்க இவள் மட்டும் குரங்கு பிடுங்காமல் இருக்கக் கெரோப்போக் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் தூக்கிப் பார்த்தால் உள்ளே எல்லாம் மாவு. அதையும் விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாயந்திரம் தங்குமிடத்துக்குப் போகும்போது ஜாம் முடிஞ்சிச்சா என்று கேட்டாள். நாளைக்கு முடிந்துவிடும் என்று சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, சிம்பாங் ரெங்கம். செல்லம் அத்தை விடியற்காலையிலேயே பொங்கல் வைத்துத் தயாராக இருந்தார். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் அந்த மாரியம்மன் கோவில் நீ பார்த்ததுதான், இப்போது முன்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அபிஷேகம் நன்றாக நடந்தது. டவுனிலிருந்து பத்தர் ஐயாசாமி வந்தார், காது குத்துவதில் கை சுத்தம் என்று பெயர். கமலநாதனுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, மேலே பெல்ட் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். மாமா வர்ற வரைக்கும் இங்க உக்காருவோம் என்று அவன் கூப்பிட்டதும் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள், கையில் அந்தப் பொட்டலம். பெண் பிள்ளைக்கு இடது காது முதலில். வாயில் சர்க்கரைக் கட்டியைப் போட்டதும் பத்தர் குத்திவிட்டார், தோடும் ஏறிவிட்டது. அவள் அழவில்லை. சர்க்கரையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மாமா எங்க என்றாள். கமலநாதன், ஜாம்மா என்றான். அவள் தலையைத் தூக்கி வெளியே தோட்டத்து ரோட்டைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் மண் ரோடு, ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. பார்த்துவிட்டு, இங்க ஜாம் இல்ல என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், யாராலும் அந்தக் கையை எடுக்க முடியவில்லை. லோஷினி கெஞ்சினாள், முகிலன் தன் பல்லில்லாத வாயைக் காட்டிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. உனக்குப் போன் போட்டோம். உன் முகத்தை ஒரு நிமிஷம் காட்டினால் போதும் என்று லோஷினி சொன்னாள். நீ எடுக்கவில்லை, மறுபடி போட்டோம், எடுக்கவில்லை. இரவில் மீட்டிங்கில் இருந்தேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய். சனிக்கிழமை என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம், நிதானமாகப் படி. பூசாரி நேரம் போகிறது என்றார். செல்லம் அத்தை, யாரு மடியா இருந்தா என்னப்பா, மாமன் முறை வந்தா சரி, நாலு பேரு அமுக்கிப் புடிங்க, நல்ல நேரம் போவுது என்றார். நான் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். யாரு மடியா இருந்தாலும் சரின்னா, நாலு வருஷத்துக்கு முன்ன இதே பாயில என் மகன் மடியிலேர்ந்து முகிலன எதுக்குத் தூக்கினீங்க சம்பந்தி என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, உப்பு போட்டீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டேன். பூசாரி உள்ளே போய் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். நீயும் நானும் இதை ஒரு நாளும் பேசியதில்லை. முகிலனுக்கு முடி இறக்கிய அன்று நீ தாய்மாமனாகப் பட்டு வேட்டியோடு பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கியதும், முதல் முடி, புள்ள உள்ளவங்க மடியில வைங்கப்பா என்று சொல்லிச் செல்லம் அத்தை பிள்ளையைத் தூக்கி வேறு ஒருவர் மடியில் வைத்ததும், உன் பக்கத்தில் ஷர்மினி தாம்பாளத்தோடு நின்றதும், நான் பின்கட்டில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. சாந்தினி வந்து சொல்லி நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நீங்கள் இருவரும் கார் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீ இங்கே வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, வேலை மாறுகிறது என்று நீ சொன்னதையெல்லாம் நான் அப்படியே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

லோஷினிக்கு இது எதுவும் தெரியாது. அன்று அவள் உள்ளே மாப்பிள்ளையோடு அர்ச்சனையில் இருந்தாள். இத்தனை நாளும் அவள் நினைத்தது, வெளிநாடு போனதும் அண்ணனுக்கு நம்ம பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியல என்று. என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கேட்டதும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏம்மா எங்கிட்ட சொல்லல என்றாள். உங்க அண்ணனே சொல்லாதத நான் எப்படிச் சொல்றது என்றேன். அவள் கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை எங்களில் யாரையும் பார்க்காமல் பாயைச் சுருட்டினார். பத்தர் ஐயாசாமி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கோவில்ல வெச்சு புள்ளைய அமுக்கிப் புடிச்சா நான் குத்தமாட்டேன்மா, அது மனசா வரட்டும், அப்ப கூப்பிடுங்க என்று சொல்லிப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார். கமலநாதன் மட்டும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, என் மடிக்கு ஒரு காதுதான் மார்க்கு போல என்றான், சித்தி அவன் தலையில் ஒன்று போட்டாள்.

வரும் வழியில் பிள்ளைகளுக்கு ரயில் பார்க்க வேண்டும் என்று குளுவாங் ஸ்டேஷனில் நிறுத்தினோம். அங்கே உறவு வீட்டில் இறங்க வேண்டும் என்று செல்லம் அத்தையும் எங்களோடு வந்திருந்தார். காப்பிக்கடையில் மற்றவர்கள் பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் நிற்க, அவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் காயா தடவிய ரொட்டியைக் காப்பியில் நனைத்து நனைத்து அது கரைந்தே போனது, தின்னவில்லை. பிறகு சொன்னார், அன்னிக்கி நான் வாய் தவறிச் சொல்லல சம்பந்தி, நெனச்சுத்தான் சொன்னேன், எனக்கு ரொம்ப நாளு புள்ள இல்லாம இருந்தப்ப ஒரு வளைகாப்புல என்னையும் இப்படித்தான் பாயிலேர்ந்து எழுப்பி விட்டாங்க, நான் ஒண்ணும் பேசாம எழுந்திருச்சேன், அதான் முறைன்னு நெனச்சுக்கிட்டேன் என்று. பிறகு அவருக்கு இரண்டு பெண்கள் பிறந்ததும் தான் எழுந்த பாயை மறந்துவிட்டார் போலிருக்கிறது. மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை, கேட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். போகும்போது, தம்பிய வரச் சொல்லுங்க, பாய நானே விரிக்கிறேன், அந்தப் பொண்ணும் பக்கத்துல உக்காரட்டும் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை. அவர் சொன்னதை உன்னிடம் சேர்த்துவிட்டேன், என் வேலை முடிந்தது. வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றதும் மாப்பிள்ளை, அத்தை செஞ்சது தப்பு மாமி, மச்சான் வர்றதா இருந்தா நானே ஏர்போர்ட்டுக்குப் போறேன், ஜாமா இருந்தாலும் பரவால்ல என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊர் திரும்பி ஒன்பது நாளாகத் தனுஷியா ஒரு காதில் தோட்டோடு திரிகிறாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி இன்னொன்று தொலைந்துவிட்டதா என்று தேடிக் கொடுக்க வந்தாள். குளிப்பாட்டும்போது இடது காதில் மஞ்சளும் எண்ணெயும் போடுகிறேன், புண் இல்லை, ஆறிவிட்டது. வலது காதைத் தொட்டால் மட்டும் கை மேலே போய்விடுகிறது. லோஷினி உன்னைக் கூப்பிட நினைத்துப் போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம். அவளிடம் நீ கோபப்பட ஒன்றுமில்லை, அவளும் உன்னிடம் கோபப்பட ஒன்றுமில்லை, இரண்டு பேரும் இத்தனை நாள் வீணாக்கினீர்கள், அது போகட்டும். இந்தக் கடிதத்தை ஷர்மினியும் படிக்கட்டும், ஒளிக்காதே, அன்று அங்கே நின்றவள் அவளும்தான். பிள்ளை வரம் பற்றி நான் உங்களை ஒரு நாளும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். சஷ்டி விரதம் என்னுடையது, அதற்கு உங்களிடம் கணக்குக் கேட்பது முறையில்லை. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ இந்த இரண்டு பேருக்கும் தாய்மாமன், அதைத் தூக்கி வேறு மடியில் வைக்க யாராலும் ஆகாது, இந்தப் பெண் பிள்ளை அதைத்தான் எல்லோர் எதிரிலும் சொன்னாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆடியில் வைக்க முடியாது. ஆவணி வளர்பிறையில் நல்ல நாள் இருக்கிறது, புரட்டாசி பிறப்பதற்குள் முடிந்துவிடும். பத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நாள் மட்டும் குறிக்கவில்லை. அந்தக் கோவிலில் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் மாசாயிலேயே வைக்கலாம், அதையும் நீயே சொல்லு. ஜோடியில் மற்றத் தோடு மஞ்சள் துணியில் முடிந்து என் சாமி மேடையில் இருக்கிறது. பக்கத்தில் அந்தக் கெரோப்போக் பொட்டலமும் இருக்கிறது, எறும்பு வராமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், எறிய விடமாட்டேன் என்கிறாள். வருவதாக இருந்தால் பால்மாவு தூக்கி வராதே, அந்த ஊர்ப் பால்மாவு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அப்பாவுக்கு முழங்காலுக்குக் கம்பளி உறை மட்டும் ஒன்று வாங்கி வா, அவர் கேட்கமாட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற மறக்காதீர்கள், குளிர் என்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதீர்கள்.

வர முடியாது என்றால் அதையும் எழுதிவிடு, நான் வருத்தப்படமாட்டேன், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். தினமும் சாயந்திரம் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தனுஷியா வாசல் கேட்டுக்கு ஓடிப்போய் அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள். ஜாம் என்று இனிமேல் நான் அவளிடம் சொல்லமாட்டேன், நம்பவும் மாட்டாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீதான் எழுத வேண்டும்.

உனக்கும் ஷர்மினிக்கும் அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும். முருகன் கூடவே இருப்பான். சீக்கிரம் பதில் போடு.

அம்மா
ஜெ. சந்திரமதி